மாடி ரூமுக்கு ஒரு காப்பி

“ராத்திரி ரசத்துல புளி தூக்கலாமுங்க. காலைல காப்பி கழனித்தண்ணியாட்ட இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாருங்க.”

தூக்குப்போசியையும் பிளாஸ்க்கையும் மேசைமேல் வைத்துவிட்டு, பாடம் ஒப்பித்தவர் மாதிரி நின்றார் சின்னுசாமி.

சாரதாமணி போசியைத் திறந்து பார்த்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லை. பிளாஸ்க்கும் காலி.

“கழனித்தண்ணிய ஒரு சொட்டு உடாம குடிச்சிருக்காரே உங்க மொதலாளி?”

“அது எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. சொல்லச் சொன்னாரு, சொல்லிப்போட்டேன்.”

“ஊட்டு மாட்டுப்பால் குடிச்சவருக்கு டவுன் பாலு தண்ணியாத்தான் இருக்கும். மத்தியானம் கொள்ளு ரசம் வெக்கறேன், அதுல என்ன குத்தம் கண்டுபுடிக்கறாருன்னு பாப்போம்னு சொல்லுங்க.”

“சரிங்க.” அவள் சொன்னதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு சின்னுசாமி ரோட்டைத் தாண்டி எதிர் லாட்ஜுக்குப் போனார்.

சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில், சாரதாமணியும் அவள் புருஷன் மருதாசலமும் நடத்துகிற சின்னச் சாப்பாட்டுக் கடை அது. மாசம் தவறாமல் அந்த முதலாளி எதிர் லாட்ஜ் மாடியில் வந்து ரெண்டு நாள் தங்குவார். முழங்கால் வலியாம், கீழே இறங்க மாட்டார். அவருடைய ஆள் சின்னுசாமிதான் சாப்பாடும் காப்பியும் வாங்கிப் போவார். போகும்போது போசி, வரும்போது புகார்.

“காசிருக்கற மனுசன் ஃபேர்லேண்ட்ஸ் பக்கமாத் தங்கி, பெரிய ஹோட்டலாப் பாத்துச் சாப்பிடறதுதானே? நம்ம கடைக்கு வந்து நம்மளையே மட்டந்தட்டணுமா? திமிரு” என்று அடுப்படியிலிருந்து மருதாசலம் பொரிந்தான்.

“இருக்கட்டும் உடுங்க” என்றாள் சாரதாமணி.

அவள் விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் முதலாளி இல்லை. சின்னுசாமியின் பேச்சு. சொந்த ஊர் மேச்சேரி என்று முதல் தடவையே சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த ‘அம்மிணி’யும் ‘ஏனுங்க’வும் அவளுக்குப் பிறந்த ஊரான வெண்ணந்தூரையே கொண்டுவந்து காட்டின.

வெண்ணந்தூர் சேலத்திலிருந்து ஒரு மணி நேரப் பஸ்தான். அவளுக்கோ அது சீமையைவிடத் தூரம். எமர்ஜென்சி வந்த வருஷத்தில், காடு தோட்டமுள்ள பண்ணைக்காரர் அர்த்தநாரியின் ஒரே மகள் தறிக்காரர் மகன் மருதாசலத்தைக் கட்டிக்கொண்டு சேலம் வந்துவிட்டாள். தாயில்லாத பெண்ணைத் தோளில் போட்டு வளர்த்த அப்பா, “எனக்கு மகளே பொறக்கல. இனி அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் அவள் கடையைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பசித்த வயிற்றோடு அடுத்த தெருவரை நடந்தார்களே தவிர, இவள் கடையில் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. அர்த்தநாரிமேல் அவ்வளவு பயம்.

வெண்ணந்தூர் பஸ்ஸிலிருந்து யார் இறங்கி வந்தாலும் சாரதாமணி இட்லித்தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பார்ப்பாள். ‘உங்கய்யன் நல்லா இருக்காரு’ என்று ஒருத்தராவது சொல்லிவிட்டுப் போகமாட்டார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

சாயங்காலக் காப்பிக்கு மறுபடி வந்தார் சின்னுசாமி.

“கொள்ளு ரசத்துல பூண்டு பத்தலையாமுங்க. சமையல் தெரியாதவங்க எதுக்குக் கடை நடத்தறாங்கன்னு...”

அவ்வளவுதான். மருதாசலம் கரண்டியோடு வெளியே வந்துவிட்டான். “யோவ், போதும். இந்தா உன் பிளாஸ்க்கு. இனிமே இங்க வராதே. ஊர்ல ஆயிரம் கடை இருக்கு, அங்க போயி குத்தம் சொல்லச் சொல்லு.”

சின்னுசாமிக்கு முகம் செத்துப்போயிற்று.

“அப்படிச் சொல்லாதீங்க சாமி. உங்க சாப்பாடு இல்லீன்னா ரெண்டு நாளும் பட்டினியாக் கெடப்பாருங்க. வேற கடைல கை நனைக்க மாட்டாரு.”

“பிடிக்காத சாப்பாட்டுக்கு எதுக்கய்யா பட்டினி கெடக்கணும்? அப்படி என்ன வேலை அவருக்குச் சேலத்துல?”

“ஒரு வேலையும் இல்லீங்க.”

சாரதாமணி காப்பி ஆற்றுவதை நிறுத்தினாள். “வேலையில்லாம மாசாமாசம் மேச்சேரிலிருந்து வந்து தங்கறாரா?”

“நான்தானுங்க மேச்சேரி.” சின்னுசாமி தயங்கினார். “மொதலாளிக்கு வெண்ணந்தூருங்க. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு.”

அவள் டம்ளரோடு வாசலுக்கு வந்தாள். எதிர் மாடி சன்னலைப் பார்த்தாள். பாதி சாத்திய கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது.

மருதாசலம் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

“எங்கய்யனுக்கு... முழங்கால் வலி ரொம்பவா?”

“காலெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. நீங்க கடை தொறக்கறப்ப சன்னலோரம் சேர் போட்டு உக்காந்தாருன்னா, சாத்தற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு.”

சாரதாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்படியும் பேச்சு சரியாக வரவில்லை.

“அப்ப எஞ்சமையல் நெசமாவே அவருக்குப் பிடிக்கலீங்களாண்ணா? எதுக்கு இத்தன கொற?”

சின்னுசாமி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“கொற சொன்னாத்தான் நீங்க பதிலுக்கு நாலு வார்த்த பேசுவீங்களாமுங்க. அத மேல வந்து, நீங்க சொன்னாப்பலயே சொல்லிக் காட்டுன்னு திருப்பித் திருப்பிக் கேட்டுட்டே இருப்பாருங்க அம்மிணி.”