போன கால்

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், சாமி பாதம் கழுவப் பன்னிரண்டு ஆண்கள் வேண்டும். இந்த வருடம் வடக்குத் தெருவுக்கு ஆறு, தெற்குத் தெருவுக்கு ஆறு என்று பங்குச்சாமியே பெயர் எழுதி, மாற்றி மாற்றி உட்காரவைத்தார். இரு தெருவுக்கும் நடந்த சண்டைக்குப் பிறகு இரண்டும் கோயிலுக்குள் சேர்ந்து வந்தது அன்றுதான். தொபியாசுக்கு அடுத்த நாற்காலி செல்வராயனுக்கு. அந்தச் சண்டையில், கடற்கரையில் தொபியாஸ்மேல் நாட்டு வெடிகுண்டை எறிந்தவன். சாமி கேட்டபோது தொபியாஸ் சரி என்றிருந்தான். வேண்டாம் என்று சொல்லக்கூட அவனுக்கு மனம் ஓடவில்லை.

சாமி ஒவ்வொருவரின் வலது காலாகக் கழுவி, துடைத்து, முத்தமிட்டு, தொபியாஸ் முன்னால் வந்து முழந்தாளிட்டார். அவன் வேட்டிக்குக் கீழே வலது பக்கம் ஒன்றும் இல்லை.

“இடது கால நீட்டுங்க, தொபியாஸ்.”

“அதுக்கு ஒண்ணும் ஆகல்ல, சாமி. போன காலுக்கே ஊத்துங்க.”

சாமி அவன் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை. கால் இருந்திருக்கவேண்டிய இடத்தில் செம்பைச் சாய்த்தார். துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

தண்ணீர் தரையில் பரவிப் பக்கத்து நாற்காலிக்குப் போனது. செல்வராயன் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டான். சாமி அவன் பக்கம் திரும்பிய பிறகும் இறக்கவில்லை.