லண்டன் மெசின் விட்ட பிழை

"ரீச்சர், உங்கடை மெசின் லண்டன் மெசினை வெண்டு போட்டுது!"

சைக்கிளைச் சுவரில் சாய்த்த கையோடு, மார்க்கண்டு கூவிக்கொண்டே வகுப்புக்குள் வந்தார். கையில், கப்பலில் கிடந்து அலைந்து வந்து சேர்ந்த மகளின் கடிதம்.

கொக்குவிலில் ஸ்ரெல்லா தன் வீட்டு முன்னறையில் நடத்தும் கம்பியூட்டர் வகுப்பில் பதினொரு பேர். தலை நரைத்தவர் மார்க்கண்டு ஒருவர்தான். தொண்ணூறில் சண்டையால் ரயில் நின்றதோடு அவருடைய ரயில் கார்ட் வேலையும் நின்றுபோனது. லண்டனில் இருக்கும் மகள் குணலட்சுமி, 'புரோகிராம் எழுதிறன்' என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவாள். அது என்ன வேலை என்று தெரியாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்து சேர்ந்துவிட்டார்.

கரண்ட் இல்லாத ஊரில் மெசின் எப்படி ஓடுகிறது என்று முதல் நாளே கேட்டார்.

"கார் பற்றரியிலை," என்றாள் ஸ்ரெல்லா. "தூசி படக்கூடாது. ஒருத்தரையும் உள்ளை விடேலாது ஐயா."

புரோகிராமைக் கொப்பியில் எழுதிக் கொடுத்தால், உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். கொஞ்ச நேரத்தில் விடையோடு வருவாள்.

ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்று கண்டுபிடிக்க, மார்க்கண்டு ஆறு வரியில் ஒரு புரோகிராம் எழுதினார். இரண்டால் வகுக்க வேண்டும். மிச்சம் வந்தால் ஒற்றை, வராவிட்டால் இரட்டை. ஏழைக் கொடுத்துப் பார்த்தார். பூச்சியத்தையும் கொடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக வந்தது. அவருக்கு ஆசை விடவில்லை. ஏழில் முடிகிற பன்னிரண்டு இலக்க எண் ஒன்றை எழுதி நீட்டினார்.

அன்றைக்கு அவள் வெளியே வர வெகுநேரம் ஆனது.

"ஒற்றை," என்றாள், களைத்த முகத்தோடு.

"கடைசியிலை ஏழு நிக்குது. ஒற்றையெண்டு சின்னப்பிள்ளையும் சொல்லும். உதுக்கு ஏன் இவ்வளவு நேரம்?"

"மெசின் அப்பிடிப் பாக்காது ஐயா. நீங்கள் வகுக்கச் சொன்னால், முழுக்க வகுத்துத்தான் சொல்லும்."

அந்தப் புரோகிராமையும் எண்ணையும் அப்படியே மகளுக்கும் எழுதி அனுப்பினார். மூன்று மாதம் கழித்து இன்றைக்குத்தான் பதில் வந்திருக்கிறது.

"எல்லாரும் கேளுங்கோ," என்று கடிதத்தை விரித்தார். "'அப்பா, உங்கடை புரோகிராம் சரி. ஆனால் என்ரை மெசின் அந்த எண்ணை இரட்டை எண்டு பிழையாச் சொல்லுது. பெரிய எண்ணெண்டால் இது கடைசி இலக்கங்களை விட்டிடும். கிட்டத்தட்டத்தான் ஞாபகம் வைச்சிருக்கும். அங்கை சரியாச் சொன்ன மெசின் என்ன மொடல்? கேட்டு எழுதுங்கோ.'"

வகுப்பே கைதட்டியது. ஸ்ரெல்லா மட்டும் வெண்கட்டியை விரலுக்குள் உருட்டிக்கொண்டு நின்றாள்.

"மொடல் நம்பரைச் சொல்லுங்கோ ரீச்சர்," என்று மார்க்கண்டு பேனையைத் திறந்தார்.

"பேந்து சொல்லுறன் ஐயா."

"வாசல்லை நிண்டு எட்டிப் பாத்தாலும் காணும். செருப்பையும் கழட்டிறன்."

அவள் முகம் வெளுத்தது. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "வேண்டாம், விடுங்கோ" என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், அவள் போய்க் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

உள்ளே ஒரு மேசை, ஒரு கதிரை, மேசையில் தடித்த இங்கிலிஷ் புத்தகம் ஒன்று. சுவரோரம் இடுப்பளவுக்குத் தாள்கள்.

அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவி அவரிடம் கொடுத்தாள். அவருடைய பன்னிரண்டு இலக்க எண், இரண்டால் வகுபட்டு, பென்சில் எழுத்தில் படிப்படியாகத் தாளின் அடிவரை இறங்கியிருந்தது.

"கொழும்பிலை கம்பியூட்டர் படிக்கவெண்டு இந்தப் புத்தகத்தை வாங்கினன். வெளிக்கிட முதல் சண்டை துவங்கிப் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள்," என்றாள் ஸ்ரெல்லா. "நான் இன்னும் ஒரு கம்பியூட்டரைக் கண்ணாலை கண்டதில்லை ஐயா."