சொட்டு

"சுவரெல்லாம் வேண்டாம்ப்பா. ஸ்கர்ட்டிங் மட்டும் வெள்ளையா அடிச்சுக் கொடு," என்றார் தணிகாசலம். அந்த வீட்டில் அவர் தனியாள். கம்பளம் விரித்த அறையில், கட்டிலோரமாகச் சுவரின் அடியில் ஓடிய கரும்பழுப்பு மரச்சட்டத்தைக் காட்டினார்.

"அதை யாரு சார் பார்க்கப்போறாங்க?" என்று சிரித்தான் பெயின்டர் எட்வின்.

"போன மாசம் இங்கதான் விழுந்துட்டேன். மறுநாள் சாயங்காலம்தான் ஆள் வந்துச்சு. தலையைத் திருப்ப முடியலை, இதையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். இருட்டினதும் இதுவும் தெரியாம போச்சு."

எட்வின் கீழே படுத்தான். கம்பளத்தைத் தகட்டால் அழுத்திக்கொண்டு, கன்னம் தரையில் பட வேலை பார்த்தான். என்றோ யாரோ அடித்த பெயின்ட் ஓரிடத்தில் வழிந்து, சொட்டாக உறைந்து நின்றது. அதைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வழுவழுவென்று இரண்டு கோட் கொடுத்தான். எந்த வீட்டிலும் அவன் இத்தனை கவனமாக அடித்ததில்லை.

காய்ந்ததும் தணிகாசலம் மெல்லக் கீழே படுத்து, கம்பளத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சட்டத்தைத் தடவினார்.

"இங்க ஒரு சொட்டு இருந்துச்சே," என்றார். "அது எங்கேப்பா?"