மூன்றாம் கோப்பை

"சாகப்போறவன் ஆசையா ஒரு வாய் காபி கேக்கிறான். குடுத்தா என்னக்கா?" என்றான் பெர்ஹே.

அத்திமரத்தில் கட்டப்பட்டிருந்த தெக்லு தலை நிமிர்ந்தான். "நான் ஒண்ணும் கேக்கலையே!"

"பாருங்கய்யா, இந்த நேரத்துலயும் இவன் வெக்கத்தை!" பெர்ஹே சிரித்தான்.

அவன் அக்கா மெதினுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புரட்சிப் படைப்பிரிவுக்கு அவள்தான் தலைவி. அரசுப் படை முகாமைத் தாக்கப் போன இரண்டு முறையும் எதிரி தயாராகக் காத்திருந்தான். போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. துப்புக் கொடுத்தவன் தெக்லுதான் என்று கண்டுபிடித்துச் சொன்னவன் பெர்ஹே. பொழுது சாய்ந்ததும் தெக்லுவைச் சுட்டுவிட்டு மறுபடி முகாமை நோக்கிக் கிளம்ப வேண்டும்.

"பகல்ல அடுப்பு மூட்டக் கூடாதுன்னு தெரியாதாடா? புகையைப் பார்த்தா விமானம் வந்துடும்."

"இன்னைக்கு மாதா திருநாள். குண்டு போடுறவனும் கோயிலுக்குத்தான் போயிருப்பான்." பையிலிருந்து ஒரு பிடி பச்சைக் காபிக்கொட்டையை எடுத்து நீட்டினான்.

பஞ்சத்தில் கிடந்த அந்தத் திக்ராய் மலைநாட்டில் யாரும் காபிக்கொட்டையைப் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. "எங்கேடா கெடச்சுது?"

"சந்தையில. கேள்வி கேக்காம வறு."

தாயில்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவன் கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை. கொட்டை வறுபட வறுபட, புகை மரத்தைத் தாண்டி மேலே எழுந்தது. வாசனைக்கு ஆளாளுக்குத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் காபி மூன்று சுற்று. மூன்றாவதுதான் ஆசீர்வாதம், அதைக் குடிக்காமல் யாரும் இடத்தை விட்டு எழமாட்டார்கள். முதல் கோப்பையை மெதினே தெக்லுவின் வாயில் வைத்துப் புகட்டினாள்.

"சத்தியமா நான் இல்ல, தோழர்," என்றான் அவன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாம் சுற்று முடிந்ததும் பெர்ஹே எழுந்தான். "குன்று மேல காவலுக்கு நிக்கிற அஸ்மெலாஷ் பாவம். வாசனையை மட்டும் குடிச்சுக்கிட்டு நிக்கிறான். நான் போய் நின்னுக்கிட்டு அவனை அனுப்பறேன்."

"மூணாவதைக் குடிச்சிட்டுப் போடா."

"என் பங்கு அவனுக்கு!"

மெதினுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. பிள்ளையை நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே மூன்றாம் முறையாகத் தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்தாள்.

கொதி வருவதற்குள் குன்றிலிருந்து அஸ்மெலாஷ் கத்திக்கொண்டே ஓடிவந்தான். "விமானம்! எல்லாரும் பின்னால இருக்கிற குகைக்கு ஓடுங்க!"

மரத்திலிருந்து தெக்லுவை அவிழ்த்து, கட்டிய கையோடு இழுத்துக்கொண்டு ஓடினாள் மெதின். கடைசி ஆள் குகைக்குள் நுழையவும் குண்டு விழவும் சரியாக இருந்தது. அத்திமரம் இருந்த இடத்தில் பள்ளம்தான் மிச்சம்.

"பாவி! என் தம்பியைக் குன்று மேல தனியா விட்டுட்டா வந்தே?" அஸ்மெலாஷின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் விழித்தான். "பெர்ஹேவா? அவன் மேல வரவே இல்லையே!"

மெதின் பிடியை விட்டாள். மெல்லக் குகை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஓடைக்கு அக்கரையில், தூரத்துப் பாறை மறைவிலிருந்து பெர்ஹே வெளியே வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அக்கா என்று அலறவில்லை, பதறி ஓடிவரவும் இல்லை. நிதானமாக ஓடையைத் தாண்டி வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்று, பையிலிருந்து சின்ன ரேடியோக் கருவியை எடுத்தான்.

"முடிஞ்சுது சார். ஒருத்தர் மிச்சமில்ல." குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

அஸ்மெலாஷ் துப்பாக்கியைத் தூக்கினான். மெதின் அதைக் கையால் தாழ்த்தினாள். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தெக்லுவின் பக்கம் திரும்பினாள்.

"இவன் கையை அவுத்து விடுங்க. அந்தக் கயிறு என் தம்பிக்கு வேணும்."