சும்மா கிடந்த பெயர்

தம்பி குனிந்து அவள் காதில் பெயரைச் சொன்னான்.

"தும்பை."

மடியில் பிள்ளை கொட்டாவி விட்டது. அவள் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எப்படிக்கா? யாருமே வைக்காத பேரு," என்றான் இளங்கோ. முகமெல்லாம் பல். அவனுக்கு முதல் பிள்ளை அல்லவா.

யாருமே வைக்காத பெயர்தான்.

அதுதான் வினையாகப் போயிற்று. கவிதா என்றோ தீபா என்றோ இருந்திருந்தால், அட, இவனுக்கும் அதே பெயர் தோன்றியிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். தும்பை அப்படித் தானாகத் தோன்றுகிற பெயர் இல்லை. வேலியோரத்துச் செடியை யார் பிள்ளைக்குப் பெயராக வைப்பார்கள்? உலகத்தில் ஒருத்திக்குத்தான் அந்தக் கிறுக்கு பிடித்தது. அதை அவள் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தாள்.

அவள் கணவன் எதிரே, ஜன்னலோரம், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

அவளைப் பார்க்காமல் கையிலிருந்த காப்பியைப் பார்த்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே பெயருக்காக இருவரும் மல்லுக்கட்டினார்கள்.

அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. பரிசோதனைக்குப் போகும் ஆஸ்பத்திரி வாசலில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், தும்பை மண்டிக் கிடக்கும். பூவைப் பறித்து உறிஞ்சினால் நாக்கு நுனியில் துளித் தேன். பஸ் வரும்வரை அவளுக்கு அதுதான் வேலை. பெண் பிறந்தால் தும்பை என்று அங்கேயே முடிவுகட்டிவிட்டாள்.

"பள்ளிக்கூடத்துல ஓட்டித் தள்ளிடுவாங்க. ஹரிணின்னு வைப்போம். நாலு பேரு வைக்கிற பேரா இருக்கட்டுமே," என்றான் அவன்.

"தெருவுக்கு நாலு ஹரிணி இருக்குங்க. கூப்பிட்டா யாரு திரும்புறது? எம் பொண்ணு பேரைச் சொன்னா எம் பொண்ணு மட்டும்தான் திரும்பணும்."

கடைசியில் அவன்தான் இறங்கிவந்தான். பெயர் வைக்கிற அன்றுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றாள். அதற்கும் தலையாட்டினான்.

பெண்தான் பிறந்தது.

ஒரு பகல்தான் உயிரோடு இருந்தது.

மயானத்தில் பெயர் கேட்டார்களாம். "இன்னும் வைக்கலீங்க" என்று சொல்லிவிட்டதாக வந்து சொன்னான். அந்த ஒரு பொய்க்காக அன்று அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். ஊர் வாயில் விழாமல் பிள்ளைக்கென்று ஒன்றாவது மிஞ்சியதே. அதன்பிறகு வேறு பிள்ளை வாய்க்கவில்லை. அந்தப் பெயர் மட்டும் இருந்தது. இருவருக்கும் நடுவில், பத்திரமாக.

பத்திரம் என்று நம்பியது அவள் மட்டும்தான் போலிருக்கிறது.

"நானும் சுகந்தியும் மண்டையை உடைச்சிக்கிட்டுக் கிடந்தோம்," என்றான் இளங்கோ. "மாமாதான் சட்டுன்னு எடுத்துக் குடுத்தாரு."

சட்டென்று.

கூடவே இருந்து கழுத்தை அறுத்துவிட்டானே. ஒரு வார்த்தை போதும். இது என் செத்த பிள்ளையின் பெயர் என்று சொன்னால், இந்த நிமிஷமே வேறு பெயர் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சுகந்தி தலையில் பூவோடு, உடம்பு இன்னும் தேறாமல், சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

நல்ல நாளும் அதுவுமாக எப்படிச் சொல்வது? சொன்னாலும் அந்தப் பெயர் ஊர் வாயில்தான் விழும்.

"சொல்லுக்கா. நல்ல நேரம் போயிடப் போகுது."

அத்தைதான் சொல்ல வேண்டும். மூன்று முறை, பிள்ளையின் காதில் மட்டும் விழும்படி. அப்புறம்தான் அப்பன் உரக்கச் சொல்லுவான்.

குனிந்தாள். பால் வாசம். பூனை முடி படர்ந்த சின்னக் காது.

சொன்னாள்.

மறுபடியும் சொன்னாள்.

மூன்றாம் முறை, கண்ணை மட்டும் உயர்த்தி, ஜன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

காப்பியை வாய்க்குக் கொண்டுபோன அவன் கை பாதியில் நின்றது.

தும்பை என்று சொன்னால் உதடு ஒட்டும். அவள் உதடு ஒட்டவே இல்லை.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. இளங்கோ பெயரை உரக்கச் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். சுகந்தியின் அம்மா ஆளுக்கொரு லட்டு கொடுத்துக்கொண்டு வந்தார். அவளும் ஒன்று வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

செருப்பைத் தேடுகிறவன்போல அவனும் பின்னாலேயே வந்தான்.

"கேட்டான். எனக்கு வேற எதுவும் தோணல. சும்மா கிடந்த பேருதானேன்னு…"

சும்மா கிடந்ததாம்.

சோறு வடிக்கும்போதோ, கொடியில் துணி போடும்போதோ, மனசுக்குள் ஒரு தடவையாவது அவள் அந்தப் பெயரைக் கூப்பிடாத நாள் கிடையாது. அவனும் அப்படித்தான் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

லட்டு கையில் உதிர்ந்தது.

"பிள்ளை காதுல என்ன பேரு சொன்னே?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"ஹரிணி. நீங்க ஆசைப்பட்ட பேருதானே."

உள்ளே தொட்டிலைச் சுற்றி நின்று ஆளாளுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். தும்பை. ஏ தும்பை. தும்பைக்குட்டி.

பிள்ளை அசையவில்லை. தூங்கிப்போயிருந்தது.

ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்றவள்தான் திரும்பிப் பார்த்தாள்.