மிச்சத் துணி

"அறுபது கிலோ துணி காத்துலயா போகும்? சொல்லு குகா!"

கட்டிங் டேபிளைத் தட்டிக் கேட்டார் மகுடேஸ்வரன். அருள்புரத்தில் அந்தச் சின்ன பனியன் கம்பெனிக்கு முதலாளி.

கட்டிங் மாஸ்டர் குகன் வாசலில் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காஸாவில் கூடாரங்களில் கிடக்கும் குழந்தைகளுக்கு ஆறாயிரம் பனியன். வெளிநாட்டு நிவாரண அமைப்பு ஒன்றின் ஆர்டர். துணியையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். தைத்துக் கொடுப்பது மட்டும்தான் இங்கே வேலை.

தைத்தாயிற்று. பெட்டிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. மிஞ்ச வேண்டிய துணியைத்தான் காணோம்.

"அதுல நல்லூர் பார்ட்டிக்கு நானூறு பீஸ் தர்றேன்னு ஏத்துக்கிட்டிருக்கேன். கடைசியா ரோலை எடுத்தது நீதானே?"

"ஓம்..."

"என்னது?"

"ஆமாங்கண்ணா."

ஸ்டோர் ஆறுச்சாமி சிரித்தார். "பயந்தா பாஷை மாறிரும் இவனுக்கு. அப்பவே சொன்னேனுங்க, முகாம்காரன நம்பி ஸ்டோர் சாவியக் குடுக்காதீங்கன்னு."

குகன் பிறந்ததே இலங்கைத் தமிழர் முகாமில்தான். வயது முப்பத்து நாலு. இன்னும் அகதி.

"ஏன்டா, அந்தப் புள்ளைங்களே ஊடு வாசல் இல்லாமக் கெடக்குதுக. அதுக துணியில கை வைக்க எப்படிடா மனசு வந்துச்சு? நீயும் அகதிதானே?" என்றார் மகுடேஸ்வரன்.

குகன் மறுபடி லாரியைப் பார்த்தான்.

"ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொன்னா என்னாகும், தெரியுமில்ல?"

தெரியும். கேஸ் என்று வந்துவிட்டால் சிறப்பு முகாம். பூட்டுப் போட்ட முகாம். மகளைக் கம்பிக்கு உள்ளே நின்றுதான் பார்க்க வேண்டும்.

"நான் திருடலீங்கண்ணா."



வெளியே லோடுமேன் முனகினான். "இதென்னங்க, புள்ளைங்க பனியன் இந்தக் கனம் கனக்குது!"

செக்கிங் டேபிளில் இருந்த அன்புசெல்வி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

லாரி கிளம்பியது. அது தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்து, பிறகுதான் குகன் மூச்சு விட்டான்.

"நாளைக்குக் காலைல துணி இங்க இருக்கோணும்."

"நாளைக்கு வர முடியாதுங்கண்ணா. முகாம்ல செக்கிங். ஆள் நிக்கணும்."

"பீஸுக்குத்தான் செக்கிங். ஆளுக்குமா?" என்றார் ஆறுச்சாமி.

"எங்களுக்கும் உண்டுங்க."

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தான்.

மகுடேஸ்வரன் ஸ்டேஷனுக்குப் பேசப் போனை எடுத்தார். அன்புசெல்வி அவசரமாக எழுந்து வந்தாள். சாம்பிளுக்கென்று நிறுத்திவைத்த ஒரு பனியன் அவள் கையில். அடிமடிப்பின் நூலைப் பிடித்து ஒரே இழுப்பு. தையல் மொத்தமும் பிரிந்து, உள்ளேயிருந்து நாலு விரல் அகலத்துக்குத் துணி சரிந்தது.

"எல்லாப் பீஸும் இப்படித்தானுங்கண்ணா. வெளியில அளவு சரியா இருந்துச்சு, பாஸ் பண்ணிட்டேன்."

"எதுக்கு இப்படி வெட்டினான்?"

"முகாம்ல ஒரு பனியனை மூணு வருஷம் போடோணுமாமுங்க. பனியன் அகலத்துக்கு இழுபடும், நீளத்துக்கு வராது. புள்ளை வளர வளர அவங்கம்மா பிரிச்சு விட்டுக்கட்டும்னு சொல்லுச்சுங்க அந்தண்ணன். அந்தண்ணனுக்கு அவங்கம்மா அப்படித்தான் பண்ணுவாங்களாம்."

மகுடேஸ்வரன் போனை இறக்கினார்.

"லாரி போறதுக்கு முன்னால இதைச் சொல்றதுக்கென்ன அவனுக்கு?"

"சொல்லியிருந்தா வெட்டி எடுக்கச் சொல்லியிருப்பீங்கல்லங்க."

அவர் காலி ரேக்கைப் பார்த்தார். "அறுபது கிலோ... என் துணி..."

அன்புசெல்வி பனியனை மடித்தபடி சொன்னாள்.

"உங்க துணியா? அந்தப் புள்ளைங்களுக்குன்னு வந்ததுங்கண்ணா. அதுகளுக்கே போயிருச்சு."