விட்டுவிட்டு ஓடியவள்

இரண்டு ஆள் உயரம்கூட எழும்பவில்லை. அந்தக் குட்டி விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓடுபாதையின் நடுவிலேயே விழுந்து இறக்கையை ஒடித்துக்கொண்டது.

பயிற்சிப் பள்ளியின் மெக்கானிக் அறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். உள்ளே இருந்த பயிற்சியாளர் அவருடைய தங்கை புருஷன். தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடினார்.

பாதி தூரம் போவதற்குள், பறக்கக் கற்றுக்கொள்ள வந்த பெண் கதவைத் திறந்து குதித்தாள். பயிற்சியாளரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடுபாதையின் கோடியைப் பார்த்து ஒரே ஓட்டம்.

"ஏம்மா, நில்லு! ஆள் உள்ள மாட்டிக்கிட்டு இருக்காரு!"

அவள் நிற்கவில்லை.

"படுபாவி! அவ உசுரு மட்டும் வெல்லமாக்கும்!"

புகையை அடக்கி, பெல்ட்டை அறுத்து, மாப்பிள்ளையை வெளியே இழுத்துப் போட்டார். கால் முறிந்திருந்தது. ஆனால் மூச்சு இருந்தது. மெக்கானிக் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அப்போது தலைக்கு மேல் பேரிரைச்சல். இன்னொரு விமானம் அவர்களை உரசாத குறையாகக் கடந்து, மேலேறித் திரும்பிப் போய்ப் பக்கத்துப் புல்வெளியில் இறங்கியது.

பயிற்சிப் பள்ளி மேனேஜர் ஓடிவந்தார். அந்தப் பெண்ணும் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். மெக்கானிக் வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினார்.

"கத்துக் குடுத்த மனுஷனை இப்படிப் போட்டுட்டு ஓடுவியா? நீயெல்லாம் எதுக்கு இந்தத் தொழிலுக்கு வர்ற?"

அவள் பயிற்சியாளரின் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் காலைப் பார்த்தாள்.

புல்வெளியில் இறங்கிய விமானி ஓடி வந்தார். நேராக அவளிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எதிர்வெயில்ல எனக்கு ஒண்ணும் தெரியல சார். இந்தப் பொண்ணு போட்டிருந்த கோட்டைக் கழட்டி ஆட்டிக்கிட்டுக் குறுக்க ஓடி வரலைன்னா, நேரா உங்க மேலதான் ஏறியிருப்பேன். இறங்கலாமான்னு மூணு தடவை ரேடியோல கேட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லல!"

மேனேஜர் திரும்பினார். "இன்னிக்கு ரேடியோ யாரு பொறுப்பு?"

அது மெக்கானிக்கின் முறை. விமானம் விழுந்ததும் ரேடியோவை அப்படியே போட்டுவிட்டுத்தான் ஓடி வந்திருந்தார்.

அந்தப் பெண்தான் முந்திக்கொண்டாள்.

"அண்ணனைத் திட்டாதீங்க சார். சொந்த மாப்பிள்ளை உள்ள கெடக்கும்போது யாருக்கு சார் வேற எதுவும் ஞாபகம் இருக்கும்?"